கத்திக்கு ஒரு சட்டை

வீட்டிலுள்ள சாமான்களில் அதிகமாக உழைத்துக் குறைவாக மரியாதை பெறுவது எது என்று கேட்டால், தோட்டக் கத்தி என்றே நாம் சொல்லுவோம். கொல்லையில் வாழையிலை நறுக்க அது வேண்டும். வெற்றிலைக் கொடியின் காய்ந்த நுனியைக் கழிக்க வேண்டும். தேங்காய் நாரைச் சீவவும், பார்சல் கட்டிய சணலை அறுக்கவுங்கூட வேண்டும். வேலை முடிந்த பிறகு அதை எங்கே வைக்கிறோம்? ஜன்னல் விளிம்பிலே, திண்ணை மூலையிலே, சில சமயங்களில் துணிந்து வேஷ்டி மடியிலே! தலையணைக்கு உறை இருக்கிறது. மூக்குக் கண்ணாடிக்கு உறை இருக்கிறது. கையைக் கிழிக்கக் கூடிய கத்தி மட்டும் சட்டையில்லாமல் திரிகிறது.

இந்த விஷயத்தில் தென் மாவட்டங்களின் பனையேறிகள் நம்மைக் காட்டிலும் புத்திசாலிகள். பாளை சீவும் அரிவாளைக் கையில் பிடித்துக்கொண்டு பனைமரம் ஏற முடியாது அல்லவா? ஆகையால் 'அரிவாள் பெட்டி' என்று ஒன்றை இடுப்பிலே கட்டி, அதற்குள் அரிவாளைச் செருகிக்கொள்கிறார்கள். இரண்டு கைகளும் மரத்தைப் பற்றும்; இரும்பு இடுப்பில் சமர்த்தாக இருக்கும். அமெரிக்க நாட்டுக் குதிரைக்காரர்கள் கைத்துப்பாக்கிக்கென்று தைத்துக்கொண்ட 'ஹோல்ஸ்டர்' என்னும் தோல் உறைக்கும் காரணம் இதுவேதான். ஒரு கை கடிவாளத்தைப் பிடிக்க வேண்டும். மற்றொரு கை வேறு வேலைக்கு வேண்டும். ஆயுதமோ குதிரை ஓடும்போது விழாமலும், வேண்டும்போது உடனே கைக்கு வரும்படியும் இருக்க வேண்டும். பனையேறியின் பெட்டியும் குதிரைக்காரனின் உறையும் ஒரே கேள்விக்கு இரண்டு தேசங்களில் கிடைத்த விடைகள்.

துப்பாக்கி நம் வாசகர்களில் மிகப் பெரும்பாலோர் வீட்டில் இருக்கப் போவதில்லை. ஆனால் இடுப்பு உறை தைக்கும் கலையைக் கற்றுக்கொள்வதற்குத் தோட்டக் கத்தியே போதும். வேலை ஒன்றுதான், அளவுதான் வேறு. இரண்டு மாலை வேளைகளும் ஒரு முழத்துக்கும் குறைவான தோலும் இருந்தால் வீட்டிலேயே செய்துவிடலாம். எப்படிச் செய்வது என்று சொல்லுமுன், எப்படிச் செய்யக் கூடாது என்பதைச் சொல்லிவிடுவது நல்லது. ஏனென்றால் நாம் முதலில் கற்றது அதைத்தான்.

நடுக்கூடத்தில் தோல்

சென்ற மழைக்காலத்தில் ஒரு நாள், ஒரு துண்டுத் தோலும் ஊசியும் நூலும் வாங்கி வந்து நடுக்கூடத்தில் பரப்பினோம். வீட்டிலிருந்த அத்தை அதைப் பார்த்து மூக்கைப் பிடித்துக்கொண்டார்.

"தோலையா கொண்டுவந்து கூடத்திலே போட்டிருக்கிறாய்? இதெல்லாம் நம் வீட்டில் செய்கிற வேலையா?" என்றார்.

அதே கூடத்தின் மூலையில், உறைக்குள் பத்திரமாக, பையனுடைய மிருதங்கம் இருந்தது. அத்தைக்கு மிருதங்கம் என்றால் உயிர். விஜயதசமியன்று அதற்குச் சந்தனம் குங்குமம் இடுபவரும் அவரே.

"அத்தை, அதன் இரண்டு முகங்களும் எதனால் ஆனவை?" என்று கேட்டோம்.

அத்தை சற்று நேரம் பேசவில்லை. மிருதங்கத்தின் முகங்களுக்கு ஆட்டுத் தோலும் மாட்டுத் தோலும் எருமைத் தோலும் வேண்டியிருக்கின்றன என்பது அவருக்குத் தெரியாததன்று. அதைப் பற்றி நினைக்க வேண்டிய அவசியம் இதுவரையில் ஏற்படவில்லை, அவ்வளவுதான். "சரி, சரி, வேலை முடிந்ததும் கூடத்தை நன்றாகப் பெருக்கிவிடு" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார்.

விவாதத்தில் ஜெயித்துவிட்டோம் என்ற உற்சாகத்தில் தோலைக் கத்தியின் மேல் மடித்தோம். இரண்டு ஓரங்களையும் சேர்த்துத் தைத்தோம். பார்வைக்கு அழகாகவே இருந்தது. பத்து நாள் கத்தி அதற்குள் குடியிருந்தது. பதினோராவது நாள் பையன் உறையை உள்ளங்கையில் பிடித்துக்கொண்டு கத்தியை உருவினான். உருவும்போது "ஆ!" என்று கத்தினான். கத்தியின் வாய் ஒவ்வொரு நாளும் தையல் நூலில் உரசி, ஒவ்வோர் இழையாக அறுத்துவந்திருக்கிறது. தையல் பிரிந்த இடத்தின் வழியே கூர்மை வெளியே வந்து பையனின் உள்ளங்கையைக் கீறிவிட்டது. காயம் ஆழமில்லை, ஒரு வாரத்தில் ஆறிற்று. ஆனால் அன்று மாலை மிருதங்க வகுப்பு நடக்கவில்லை. அத்தை நம்மைப் பார்த்த பார்வையில் ஒரு வார்த்தையும் தேவைப்படவில்லை.

மறுநாள் அந்த உறையை எடுத்துக்கொண்டு தெருமுனைக்குப் போனோம். அங்கே புங்கமரத்தடியில் வயதான தொழிலாளி ஒருவர் செருப்புத் தைக்கிறார். இருபது வருஷமாக நம் வீட்டுச் செருப்புகளையெல்லாம் அவர்தான் தைத்துக் கொடுத்திருக்கிறார். அந்த இருபது வருஷத்தில் அவரிடம் கூலியைக் குறைக்கச் சொல்லிப் பேசியிருக்கிறோமே தவிர, எந்த விஷயத்திலும் அவருடைய அபிப்பிராயத்தைக் கேட்டதில்லை. அன்றுதான் கேட்டோம்.

அவர் உறையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிரிந்த தையலுக்குள் கட்டை விரலை விட்டுப் பார்த்தார். பிறகு, "தையல் மோசமில்லை, ஐயா. ஆனால் இரும்பு நூலைத் தின்னுமே! ரெண்டு தோலுக்கும் நடுவிலே ஒரு தோலைக் காவல் வைக்க வேண்டாமா?" என்றார்.

அந்த ஒரு வாக்கியத்தில் உறைத் தொழிலின் உயிர் இருந்தது. அவரிடம் மேலும் மூன்று மாலைகள் உட்கார்ந்து கற்றதையும், பிறகு நாமே செய்து பார்த்ததையும் சேர்த்துக் கீழே எழுதுகிறோம்.

எந்தத் தோல் நல்லது?

கடையிலே தோல் என்று கேட்டால் இரண்டு ஜாதித் தோல்களில் ஒன்றைக் கொடுப்பார்கள். ஒன்று மரப்பட்டை, காய் முதலியவற்றின் சாற்றில் பதனிட்டது. மற்றொன்று குரோம் உப்பில் பதனிட்டது. உறைக்கு முன்னதுதான் வேண்டும். காரணம் எளிது. பட்டைத் தோலை நீரில் நனைத்து ஒரு பொருளின் மேல் அழுத்திக் காயவிட்டால், அந்தப் பொருளின் வடிவத்தையே எடுத்துக்கொண்டு விறைப்பாக நின்றுவிடும். குரோம் தோல் மிருதுவானது. சட்டைக்கும் கைப்பைக்கும் மிகவும் நல்லது. ஆனால் நனைத்துக் கொடுத்த வடிவம் அதில் நிற்காது. வாய் தளர்ந்து மடிந்துபோகும் உறையில் கத்தியைச் செருகுவது கண்ணை மூடிக்கொண்டு செருகுவது போலத்தான்.

இரண்டையும் எப்படி அடையாளம் காண்பது? வெட்டிய ஓரத்தைப் பாருங்கள். பட்டைத் தோல் உள்ளும் புறமும் பழுப்பாக இருக்கும். குரோம் தோலுக்கு மேலே எந்தச் சாயம் ஏற்றியிருந்தாலும், ஓரத்தின் நடுவில் பெரும்பாலும் நீலமும் சாம்பலும் கலந்த நிறம் தெரியும். சாயமோ மெருகோ ஏற்றாத பட்டைத் தோலின் மேல் ஒரு சொட்டு நீர் விட்டால் உடனே உறிஞ்சிக் கறுக்கும்.

பட்டைத் தோலுக்காக நாம் வெளிநாட்டைத் தேடிப் போகவேண்டியதில்லை. சாலையோரத்தில் மஞ்சளாகப் பூத்து நிற்கும் ஆவாரஞ்செடியின் பட்டைதான் ஒரு காலத்தில் சென்னை ராஜதானித் தோல்களின் பெருமைக்குக் காரணமாயிருந்தது. ஆவாரம் பட்டைச் சாற்றில் பதனிட்டு, வெயிலில் சிவந்துபோகாமலிருக்கக் கடைசியில் கடுக்காய்ச் சாற்றில் ஊறவைத்த தோல்கள், 'கிழக்கிந்தியத் தோல்' என்ற பெயருடன் கப்பலேறி இங்கிலாந்துக்குப் போயின. பிற்காலத்தில் ஆவாரம் பட்டையின் இடத்தைப் பெரும்பாலும் வாட்டில் மரப்பட்டை பிடித்துக்கொண்டது. ஆயினும் திண்டுக்கல், திருச்சி, ஈரோடு ஆகிய ஊர்களில் இந்த முறைத் தோல் தொழில் இன்னும் இருக்கிறது. இதற்குப் புவிசார் குறியீடும் கிடைத்திருக்கிறது.

குரோம் முறை இங்கே வந்த கதையும் சுவையானது. 1903 ஆம் ஆண்டில் சென்னைக் கலைப் பள்ளியில் ஆல்பிரட் சாட்டர்டன் என்ற ஆங்கிலேயர் அதைப் பரீட்சை செய்யத் தொடங்கினார். அவர் நினைத்தது சீமைப் பூட்ஸைப் பற்றியன்று. நம் குடியானவனின் கவலைச் சாலைப் பற்றி. கிணற்றிலிருந்து நீர் இறைக்கும் தோல் சால் தண்ணீரிலேயே கிடந்து சீக்கிரம் கெட்டுப் போகிறதே, குரோம் தோல் அதிக நாள் தாங்காதா என்று பார்த்தார். கவலை இறைப்பது மறைந்து பம்பு வந்துவிட்டது. குரோம் முறை மட்டும் ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டை என்று பரவி நிலைத்துவிட்டது. அதற்குக் கொடுத்த விலையும் சிறிதன்று. தோல் ஷாப்புகளின் கழிவுநீரால் பாலாற்றங்கரை நிலமும் கிணறுகளும் கெட்டதைப் பற்றிய வழக்கில், கெடுத்தவரே ஈடு செய்ய வேண்டுமென்று 1996 ஆம் ஆண்டில் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. பட்டைச் சாற்று முறையிலும் கழிவு இல்லாமல் இல்லை. ஆகவே எந்தத் தோலானாலும் வேண்டிய அளவே வாங்கி, ஒரு துண்டையும் வீணாக்காமல் இருப்பது தர்மம்.

சென்னைவாசிகள் பெரியமேட்டுக் கடைகளில் தேடலாம். மற்ற ஊர்க்காரர்கள் தங்கள் தெருவிலுள்ள செருப்புத் தொழிலாளியைக் கேட்டால் அவரே வழி காட்டுவார். கனம் 3 மில்லிமீட்டர் இருக்கட்டும். முதுகுப் பாகத்திலோ தோள் பாகத்திலோ வெட்டிய துண்டாகக் கேளுங்கள். வயிற்றுப் பாகம் மலிவாகக் கிடைக்கும். ஆனால் இழுத்த பக்கமெல்லாம் நீளும்.

வேண்டிய கருவிகள்

பெரிய பட்டியல் ஒன்றுமில்லை. தோல் வெட்ட நல்ல கூரான கத்தி ஒன்று, இரும்பு அளவுகோல், அடியில் வைத்துக்கொள்ள ஒரு பலகை, பையனுடைய கணக்குப் பெட்டியிலுள்ள கவராயம், துளை போடக் குத்தூசி, முனை மழுங்கிய பெரிய ஊசிகள் இரண்டு, கனமான நூல், தேன்மெழுகு ஒரு கட்டி, செருப்புத் தொழிலாளிகள் உபயோகிக்கும் ரப்பர்ப் பசை, ஓரம் தேய்க்க உப்புத்தாள். துளைகளின் இடைவெளியைக் குறிப்பதற்குத் தனிக் கருவி விற்கிறார்கள். நாம் ஒரு பழைய முள்கரண்டியைக் கொண்டே சமாளித்தோம். பசையைத் திறந்த ஜன்னலருகில் வைத்தே உபயோகியுங்கள். நெருப்புக்குப் பக்கத்தில் கொண்டுபோகாதீர்கள்.

கூரான கத்தி என்று சொன்னதைக் கேட்டுத் தாய்மார்கள் பயப்படவேண்டாம். மழுங்கிய கத்திதான் அபாயமானது. தோலை வெட்ட அதை அழுத்த வேண்டியிருக்கிறது; அழுத்தும்போது அது வழுக்கி எங்கே போகுமென்று சொல்ல முடியாது. கூரான கத்தியால் மெதுவாக மூன்று நான்கு தரம் கோடு இழுத்தால் தோல் தானே விட்டுக் கொடுக்கும். அளவுகோலைப் பிடிக்கும் கை எப்போதும் கத்தி போகும் பாதைக்கு வெளியே இருக்க வேண்டும். சிறுவர்கள் மெழுகு தேய்க்கட்டும், துளை எண்ணட்டும். வெட்டும் வேலை பெரியவர்களுடையது.

அட்டையில் ஆரம்பம்

தோலைத் தொடுவதற்கு முன் முழு உறையையும் அட்டையில் செய்து பாருங்கள். தப்பு செய்தால் அட்டைக்குக் காலணாப் பெறாது, தோலுக்கோ பெறும்.

ஓர் அட்டையை இரண்டாக மடியுங்கள். கத்தியின் முதுகு மடிப்பை ஒட்டியும், வாய் திறந்த ஓரத்தை நோக்கியும் இருக்கும்படி உள்ளே வையுங்கள். பிடியில் 4 சென்டிமீட்டராவது உறைக்குள் போகவேண்டும். அந்தப் பிடிப்பினால்தான் குனிந்தாலும் ஓடினாலும் கத்தி நழுவாது. கத்தியைச் சுற்றிக் கோடு போட்டு, வாய்ப் பக்கத்தில் அந்தக் கோட்டுக்கு வெளியே ஒன்றேகால் சென்டிமீட்டர் விட்டு வெட்டுங்கள். தையலும் 'காவல்' தோலும் குடியேற வேண்டிய இடம் அதுதான்.

இனி, இடைவாரில் மாட்டுவதற்கு ஒரு நாக்கு வேண்டும். பின்பக்கத்து அட்டையில் உறையின் வாய்க்கு மேலே இரண்டரை சென்டிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை நீண்டு நிற்கட்டும். அதைப் பின்புறமாக மடித்து உறையின் முதுகோடு சேர்த்துத் தைத்தால் வளையமாகிவிடும். இடைவார் 4 சென்டிமீட்டர் அகலமாயின் நாக்கு 12 சென்டிமீட்டர் நீளம் இருந்தால் சரியாக இருக்கும். உறையும் வளையமும் ஒரே துண்டில் அமைவதால் ஆணியும் கொக்கியும் தேவையில்லை. அமெரிக்காவில் 'மெக்ஸிகன்' பாணி என்று பெயர் பெற்ற பழைய ஹோல்ஸ்டரிலும் இப்படித்தான். பின்பக்கத்துத் தோலையே மடித்து, அதில் வெட்டிய வெட்டுகளின் வழியாக உறையை நுழைத்துவிடுவார்கள். ஒரே தோல், இரும்புத் துணை கிடையாது.

அட்டை உறையை இடுப்பில் வைத்துக் கத்தியை உருவிப் பாருங்கள். வலக்கைக்காரருக்கும் இடக்கைக்காரருக்கும் நாக்கின் பக்கம் மாறும். சரியென்று கண்ட பிறகு அட்டையைத் தோலின் முகத்தின் மேல், அதாவது வழவழப்பான பக்கத்தின் மேல் வைத்து வரையுங்கள். பின்பக்கத்தில் வைத்து வரைந்தால் இடம் வலமாகிவிடும். இந்தத் தப்பையும் நாம் ஒரு தரம் செய்தோம் என்பதை ஒப்புக்கொள்கிறோம்.

காவல் தோல்

வெட்டிய தோலில் முதலில் நாக்கை முடித்துவிட வேண்டும். உறையை மடித்துத் தைத்த பிறகு உள்ளே ஊசி போகாது. நாக்கின் நுனியைக் கத்தியால் சீவி மெல்லியதாக்கி, மடிக்கும் இடத்தை நீரால் நனைத்து, மடித்துப் பசையிட்டு, நுனியில் சதுரமாக ஒரு தையல் போடுங்கள்.

அடுத்தது பெரியவர் சொன்ன காவல். அதே தோலில் 8 அல்லது 10 மில்லிமீட்டர் அகலத்தில் ஒரு பட்டை வெட்டி, கத்தியின் வாய் வரும் ஓரம் முழுவதும், வளைவுக்குத் தக்கபடி, இரண்டு தோல்களுக்கும் இடையில் ஒட்டுங்கள். இனிக் கத்தியின் வாய் உரசுவது இந்தப் பட்டையின் மேல்தான். நூலின் பக்கம் அது எட்டிப் பார்க்க முடியாது. கத்தி முனை வந்து நிற்கும் அடிப்பாகத்தில் ஒரு சிறு துவாரம் விட்டுவிட்டால், தப்பித் தவறி உள்ளே போகும் நீர் வடிந்துவிடும்.

பசையைத் தடவியவுடன் ஒட்டிவிடக் கூடாது. இரண்டு பக்கமும் தடவி, விரலில் ஈரமாக ஒட்டாத பதம் வரும்வரையில் பொறுத்திருந்து அழுத்த வேண்டும். பசை தையலுக்குத் துணை. தையலுக்குப் பதில் அல்ல.

இரண்டு ஊசி, ஒரு நூல்

கவராயத்தின் ஒரு காலை ஓரத்திலும் மற்றொரு காலைத் தோலின் மேலும் வைத்து இழுத்தால், ஓரத்திலிருந்து 4 மில்லிமீட்டர் தள்ளி நேர்த்தியான கோடு விழும். அந்தக் கோட்டில் 5 அல்லது 6 மில்லிமீட்டருக்கு ஒரு புள்ளி குறித்து, குத்தூசியால் நேராகத் துளையிடுங்கள். மூன்று தோல் சேர்ந்து ஏறக்குறைய 9 மில்லிமீட்டர் கனம் இருக்கும். ஊசி சாய்ந்தால் பின்பக்கத்தில் தையல் கோணிவிடும். அவசரப்பட வேண்டாம்.

நூலின் நீளம் தையலின் நீளத்தைப்போல் 5 மடங்கும், அதற்கு மேல் ஒரு சாணும் வேண்டும். நூலைத் தேன்மெழுகில் இரண்டு தரம் இழுத்து, இரு நுனிகளிலும் ஒவ்வோர் ஊசி கோத்துக்கொள்ளுங்கள். முதல் துளையில் நூலை நுழைத்து, இரு பக்கமும் சமமாக இழுத்துவிடுங்கள். பிறகு ஒவ்வொரு துளையிலும் இடப்பக்கத்து ஊசி வலத்துக்குப் போக வேண்டும். வலப்பக்கத்து ஊசி அதே துளை வழியாக இடத்துக்கு வர வேண்டும். ஓர் ஊசி மற்றொன்றின் நூலைக் குத்திவிடாமல் பார்த்துக்கொண்டு, இரண்டையும் ஒரே பலத்தோடு இழுக்க வேண்டும். கடைசியில் வந்த வழியே இரண்டு மூன்று துளை பின்னோக்கித் தைத்து நூலை வெட்டிவிடலாம். முடிச்சே வேண்டாம்.

குதிரைச் சேணம் தைப்பவர்களின் தையல் இது. இதன் பெருமை என்னவென்றால், ஓரிடத்தில் ஓர் இழை அறுந்தாலும் அதே துளைகளில் ஓடும் மற்றோர் இழை பிடித்துக்கொண்டிருக்கும். இயந்திரத் தையலில் மேல் நூலும் கீழ் நூலும் நடுவில் கொக்கி போட்டதுபோல் பின்னிக்கொண்டு நிற்கின்றன. ஒன்று அறுந்தால் மற்றதற்குப் பிடிப்பில்லை. வரிசையாகப் பிரியத் தொடங்கும். இத்தனை இயந்திரங்கள் வந்த பிறகும் இந்தக் கைத்தையலுக்கு மதிப்புக் குறையாதது ஏன் என்று இப்போது விளங்குகிறதல்லவா?

வடிவம் எடுத்தல்

தையல் முடிந்ததும் ஓரத்தை உப்புத்தாளால் தேய்த்து மூன்று தோலும் ஒன்றாகத் தெரியும்படி செய்யுங்கள். லேசாக ஈரமாக்கி, முரட்டுத் துணியால் சூடேறத் தேய்த்தால் ஓரம் கண்ணாடிபோல் மின்னும். அதன்மேல் தேன்மெழுகு பூசுங்கள்.

இனிதான் நமக்குப் பிடித்த பாகம். உறையை வெதுவெதுப்பான நீரில் சில விநாடிகள் முக்கி எடுத்து, மேற்பரப்பு பழைய நிறத்துக்குத் திரும்பத் தொடங்கும்வரையில் விட்டுவையுங்கள். கத்தியை மெல்லிய பிளாஸ்டிக் தாளில் இரண்டு சுற்றுச் சுற்றி உறைக்குள் செருகுங்கள். சுற்றாமல் செருகினால் இரும்பு துருப்பிடிக்கும். அதோடு தோலும் கறுத்துவிடும். அந்தக் காலத்தில் கடுக்காயும் அன்னபேதியும் சேர்த்து மை காய்ச்சினார்கள் அல்லவா? துவர்ப்புச் சத்தும் இரும்பும் ஈரத்தில் கூடினால் கறுப்பு மை உண்டாகும். பட்டைத் தோலில் இருப்பதும் அந்தத் துவர்ப்பேதான்.

கத்தி உள்ளே இருக்கும்போதே விரலாலும், கரண்டியின் முதுகாலும் தோலை அழுத்தி அழுத்திக் கத்தியின் உருவம் மேலே தெரியும்படி செய்யுங்கள். நகம் பட்டால் தழும்பு நிலைத்துவிடும், ஜாக்கிரதை. பிறகு நிழலில் இரண்டு நாள் காயட்டும். வெயிலிலோ அடுப்பருகிலோ வைத்தால் ஈரத்தோல் சுருங்கி, அப்பளம்போல் நொறுங்கும். காய்ந்தபின் கத்தியை எடுத்து, துணியில் சில சொட்டு ஆலிவ் எண்ணெய் தொட்டு மேலே தடவி, மெழுகிட்டுத் துடைத்தால் வேலை பூர்த்தியாயிற்று. எண்ணெய் அதிகமானால் தோல் தளர்ந்துவிடும்.

இரண்டு எச்சரிக்கைகள். மாதக்கணக்கில் உபயோகிக்காத கத்தியை உறையிலேயே விட்டுவிடாதீர்கள். தோல் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இரும்புக்குக் கொடுத்துவிடும். மற்றொன்று, உரிமம் பெற்றுத் துப்பாக்கி வைத்திருப்பவர்களுக்கு. கத்தி உறை தைத்த தைரியத்தில் நேரே ஹோல்ஸ்டருக்குப் போய்விடாதீர்கள். விசையைத் தோல் முழுவதும் மூட வேண்டும். உறையின் வாய் தளர்ந்து உள்ளே மடிந்தால் அந்தத் தோலே விசையை இழுத்துவிடக் கூடும். தேர்ந்த கைகளின் வேலை அது. பத்து உறை தைத்துக் கைப்பழக்கம் வந்தபிறகு, தெரிந்தவர் ஒருவரிடம் காட்டி யோசனை கேட்டே செய்யவேண்டும்.

கையும் மதிப்பும்

தோலில் வேலை செய்ய வெட்கப்படுபவர்களுக்கு ஒரு சமாசாரம். 1910 ஆம் ஆண்டில் ஜோஹானஸ்பர்க் அருகே டால்ஸ்டாய் பண்ணையை அமைத்தபோது, காந்தியடிகளின் நண்பர் காலன்பாக் ஒரு கிறிஸ்தவத் துறவிகளின் மடத்துக்குப் போய்ச் செருப்புத் தைக்கக் கற்று வந்தார். அவரிடமிருந்து பாரிஸ்டர் காந்தி கற்றுக்கொண்டார்; பண்ணையிலிருந்த மற்றவர்களுக்கும் கற்பித்தார். தம்மைச் சிறையில் வைத்த ஜெனரல் ஸ்மட்ஸுக்கு, சிறையிலே தம் கையால் தைத்த ஒரு ஜோடிச் செருப்பைக் காந்தியடிகள் 1914 ஆம் ஆண்டில் விடைபெறும்போது பரிசளித்தார். ஸ்மட்ஸ் அதைப் பல கோடைகள் அணிந்திருந்து, காந்தியடிகளின் எழுபதாவது பிறந்த நாளையொட்டி 1939 ஆம் ஆண்டில் திருப்பி அனுப்பினார். இருபத்தைந்து வருஷம் பத்திரப்படுத்தத் தக்க செருப்பு என்றால், அதன் தையலும் நன்றாகத்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆனால் ஒன்று. பாரிஸ்டர் ஒருவர் தோல் தைத்தால் நாடு வியக்கிறது. தலைமுறை தலைமுறையாகத் தைத்து வந்தவர்களை அதே நாடு ஊருக்கு வெளியே நிறுத்தி வைத்தது. இரண்டு மாலை குனிந்து உட்கார்ந்து ஓர் உறை தைத்ததனால் நாம் அவர்களுடைய கஷ்டத்தை அறிந்துவிட்டோம் என்று சொல்ல மாட்டோம். ஆனால் முப்பது துளை குத்துவதற்குள் உள்ளங்கை கன்றிப் போயிற்று, முதுகு வலித்தது. தெருமுனைப் பெரியவர் அதைவிடக் கனமான செருப்பு அடியில், நாள் முழுவதும், வெயிலிலும் தூசியிலும் உட்கார்ந்து அந்தத் துளைகளைக் குத்துகிறார். அந்த வேலைக்கு நாம் பேரம் பேசியது எத்தனை தடவை என்று எண்ணிப் பார்த்தோம். எண்ணி முடியவில்லை.

இரண்டாவது உறையை முடித்தவுடன் அவரிடம் கொண்டுபோய்க் காட்டினோம். முன்னெல்லாம் "என்னப்பா" என்றுதான் கூப்பிடுவது வழக்கம். அன்று, "பெரியவரே, இதைப் பாருங்கள்" என்றோம். அவர் நிமிர்ந்து பார்த்தார். உறையை வாங்கி, ஓரத்தில் நகத்தை ஓட்டி, தையலை இரு கையாலும் இழுத்துப் பார்த்தார்.

"காவல் இருக்கிறது, ஐயா. இனிப் பிள்ளை கையிலே கொடுக்கலாம்" என்றார்.

பட்டதாரிகளும் பத்திரிகைக்காரர்களும் நம் எழுத்தைப் பாராட்டிய சந்தர்ப்பங்கள் உண்டு. அவற்றில் எதுவும் அன்று வீடு திரும்பும்போது இருந்த சந்தோஷத்தைத் தரவில்லை.

வீட்டில் அத்தை காத்திருந்தார். உறையைக் கையில் வாங்க மாட்டார் என்று நினைத்தோம். வாங்கினார், கத்தியை ஒரு தரம் உருவிப் பார்த்துத் திரும்பச் செருகினார். "கடுக்காய் வாசனை வருகிறதே" என்றார். பிறகு, தாம் காய் நறுக்கும் சின்னக் கத்தியை எடுத்து வந்து நம் முன்னால் வைத்துவிட்டு, ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனார்.

அதற்கு அட்டை வெட்டியாகிவிட்டது. தோல் வாங்க நாளைக் காலை பெரியவரோடு போகிறோம்.